கடைக்காரரின் பரிந்துரைக்குப் பரிசு தருவது யார்? வாங்குபவர் அறியாத ஊக்கத்தொகையும் சட்டத்தின் நிலையும்

பூதிகோட்டை (கோலார் தங்கவயல்): சுருண்டுபோன தக்காளி இலை ஒன்றைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு உரக்கடைக்கு வரும் விவசாயி, பெரும்பாலும் எந்த மருந்தின் பெயரையும் சொல்லிக் கேட்பதில்லை. "இதுக்கு எது கேக்கும்?" என்றே கேட்கிறார். கடையில் நிற்பவர் இலையைப் பார்க்கிறார். அலமாரியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து மேசையில் வைக்கிறார்.

அந்தக் குப்பி எடுக்கப்பட்டதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பயிரைத் தாக்கியுள்ள பூச்சிக்கு அது ஏற்ற மருந்தாக இருக்கலாம். அல்லது, அந்தப் பருவத்தில் அந்த நிறுவனத்தின் சரக்கை இன்னும் சில பெட்டிகள் விற்றுவிட்டால் கடைக்காரருக்கு ஒரு தங்க நாணயமோ வெளிநாட்டுப் பயணமோ கிடைக்கும் என்ற நிலை இருக்கலாம். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு. மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு இவற்றில் எது காரணம் என்று அறிந்துகொள்ள எந்த வழியும் இல்லை.

குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் பொருளை முன்னிறுத்தி விற்பதற்காகக் கடைக்காரருக்கோ கடைப் பணியாளருக்கோ அந்நிறுவனம் பரிசு அளிப்பது முறையா என்ற கேள்வி நகரத்துக் கைப்பேசிக் கடைகளைப் பற்றியே பெரிதும் எழுப்பப்படுகிறது. ஆனால் அதன் முழுக் கனமும் தெரிவது பூதிகோட்டை போன்ற ஊர்களில்தான்.

வாங்கும் ஊரும் விற்கும் ஊரும்

கோலார் மாவட்டம் பங்காருபேட்டை வட்டத்தில் உள்ள பூதிகோட்டை, மைசூரை ஆண்ட ஹைதர் அலி பிறந்த ஊராக வரலாற்றில் அறியப்படுவது. இன்று சுற்றுவட்டாரத்தின் வாழ்வாதாரம் தக்காளி, மா, பட்டு வளர்ப்பு, பால் ஆகியவற்றைச் சார்ந்தது. கோலார் தக்காளிச் சந்தை நாட்டின் பெரிய சந்தைகளில் ஒன்று. அங்கு செல்லும் ஒவ்வொரு கூடைக்குப் பின்னாலும் விதை, உரம், பூச்சிமருந்து என ஒரு கடைக் கணக்கு இருக்கிறது.

அருகில் உள்ள கோலார் தங்கவயலின் கதை வேறு. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக இயங்கிய தங்கச் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டில் மூடப்பட்டன. அதன்பின், சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களின் அடுத்த தலைமுறையினர் பலர் நாள்தோறும் அதிகாலை ரயிலில் பெங்களூருவுக்குச் சென்று திரும்புகின்றனர். வணிக வளாகங்களிலும் துணிக்கடைகளிலும் மின்சாதனக் கடைகளிலும் விற்பனைப் பணியாளர்களாக நிற்போர் அவர்களில் உண்டு. ஆகவே, பரிந்துரையை நம்பி வாங்குபவரும், பரிந்துரைப்பதற்குக் கூடுதல் தொகை பெறுபவரும் சில கிலோமீட்டர் இடைவெளியில் வாழும் பகுதி இது. ஒரே வீட்டில் இருவரும் இருப்பதும் அரிதன்று.

எந்தச் சொல்லால் அழைப்பது?

இத்துறை தொடர்பான செய்திக் குறிப்புகளைத் தமிழாக்கும்போது முதலில் தடுமாற்றம் ஏற்படுவது சொல் தேர்வில்தான். 'ஊக்கத்தொகை' என்று எழுதினால் உழைப்புக்குக் கிடைத்த நியாயமான பாராட்டு என்ற பொருள் வந்துவிடுகிறது. 'கழிவு', 'தரகு' என்பவை வணிகத்தின் இயல்பான சொற்கள். அவற்றில் நன்மையோ தீமையோ ஒட்டியிருக்கவில்லை. 'கையூட்டு' என்று எழுதினால் தீர்ப்பே சொல்லியாகிவிட்டது. மொழிபெயர்ப்புப் பட்டய வகுப்பில், மூலத்தில் இல்லாத தீர்ப்பை மொழிபெயர்ப்பாளர் சேர்க்கக் கூடாது என்று கற்பிப்பார்கள். ஆனால் இங்கு எந்தச் சொல்லை எடுத்தாலும் ஒரு பக்கம் சாய வேண்டியிருக்கிறது.

ஆங்கில வணிக வழக்கில் இதற்கு 'ஸ்பிஃப்' என்றும் 'புஷ் மணி' என்றும் பெயர்கள் உண்டு. பின்னது தமிழுக்கு எளிதில் வரும்: நம் கடைத்தெருவிலும் சரக்கைத் 'தள்ளிவிடுவது' என்ற வழக்கு நெடுங்காலமாக இருக்கிறது.

இந்தத் தொகை பல உருவங்களில் வருகிறது. கடை உரிமையாளருக்குக் கிடைக்கும் கூடுதல் லாப விகிதம், இலக்கை எட்டினால் பயணம், தங்க நாணயம், இருசக்கர வாகனம் ஆகியவை ஒரு வகை. உரிமையாளரைத் தாண்டி, மேசையில் நிற்கும் பணியாளருக்கு ஒவ்வொரு விற்பனைக்கும் நேரடியாகச் செலுத்தப்படும் தொகை மற்றொரு வகை. கட்டுமானப் பொருள்களில் இது இன்னும் ஒரு படி விலகிச் செல்கிறது. பெயிண்ட் டப்பாவைத் திறந்தால் உள்ளே கிடைக்கும் டோக்கன், வண்ணம் பூசுபவருக்கு உரியது. அதற்கான பணம் வீட்டு உரிமையாளர் கொடுத்த விலையில் அடங்கியுள்ளது. மின்கம்பி, குழாய், ஓடு ஒட்டும் பசை ஆகியவற்றிலும் மின்பணியாளர், குழாய்ப் பணியாளர், கொத்தனார் ஆகியோருக்குப் புள்ளிகள் வழங்கும் திட்டங்கள் உள்ளன. முன்பு டோக்கனாக இருந்தது இப்போது கைப்பேசியில் வருடிப் பதிவுசெய்யும் குறியீடாக மாறியிருக்கிறது.

இவை அனைத்தையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட இயலாது. பெரிய கைப்பேசிக் கடையில் ஒரு நிறுவனத்தின் பெயர் பொறித்த சட்டையை அணிந்து நிற்பவர், அந்நிறுவனத்தின் பொருளையே புகழ்வார் என்பது வாங்குபவருக்குத் தெரியும். அவர் அணிந்திருக்கும் சட்டையே ஓர் அறிவிப்பு. கடையின் சீருடையை அணிந்துகொண்டு, "எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்கிறேன்" என்ற தோரணையில் பேசுபவருக்கு ஒரே ஒரு நிறுவனம் தொகை கொடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது. வாங்குபவர் அவர் சொல்வதை அறிவுரையாகக் கேட்கிறார். அவரோ விளம்பரம் செய்துகொண்டிருக்கிறார்.

தவறு எங்கே தொடங்குகிறது?

விற்பனைக்குப் பரிசு கொடுப்பதே தவறு என்று வாதிடுவது கடினம். அதிகம் விற்பவருக்கு அதிக ஊதியம் என்பது வணிகம் தோன்றிய நாள் முதல் இருப்பது. அமெரிக்காவில் கடைப் பணியாளர்களுக்குத் தயாரிப்பு நிறுவனம் பரிசளிப்பதை நேர்மையற்ற போட்டி என்று கருதி, கின்னி-ரோம் என்ற நிறுவனத்துக்கு எதிராக அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம் தடை உத்தரவு பிறப்பித்தது. 1921ஆம் ஆண்டில் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. நூறாண்டுகளுக்கு முன்பே எழுந்த வழக்கு இது. அன்று வென்றது நிறுவனத்தின் தரப்பு.

பிரிட்டனில் அதற்கு முன்பே, 1906ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் வேறு கோணத்தில் இதை அணுகியிருந்தது. ஒருவரிடம் வேலை செய்பவர், அவருக்குத் தெரியாமல் மூன்றாம் நபரிடம் பரிசு பெற்று அவரது அலுவல்களை வளைப்பதை அச்சட்டம் குற்றமாக்கியது. அங்கு காக்கப்பட்டவர் முதலாளி. பொருளை வாங்க வந்தவரைப் பற்றி இந்த இரண்டு அணுகுமுறைகளும் அதிகம் கவலைப்படவில்லை. கடை உரிமையாளர் சம்மதித்துவிட்டால் போதும் என்ற அளவிலேயே விவாதம் நின்றது.

வாங்குபவரின் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு கேள்விகள் முக்கியமாகின்றன. விற்பவரின் சொல்லை அவர் எந்த அளவுக்குச் சார்ந்திருக்கிறார்? வாங்கியது தவறு என்று பின்னர் தெரிந்தால் அதைத் திருத்திக்கொள்ள முடியுமா?

சோப்புக் கட்டி ஒன்றை யாரோ சொல்லி வாங்கினால் இழப்பு சில ரூபாய். அடுத்த மாதம் வேறு சோப்பு வாங்கிக்கொள்ளலாம். கைப்பேசியில் இழப்பு சில ஆயிரம் ரூபாய். ஆனாலும் அக்கம்பக்கத்தில் விசாரிக்கலாம், இணையத்தில் ஒப்பிடலாம். பூச்சிமருந்தில் நிலைமை வேறு. மருந்து வேலை செய்யாவிட்டால் அது மருந்தின் குறையா, கலந்த அளவின் குறையா, மழையின் குறையா, நோயைத் தவறாகக் கணித்ததன் விளைவா என்று விவசாயியால் பிரித்தறிய இயலாது. அந்தப் பருவத்தின் பயிரும் திரும்பி வராது. பரிந்துரைத்தவரிடமே அடுத்த குப்பிக்கும் செல்ல வேண்டியிருக்கும். ஏனெனில் கணக்கு அவரிடம்தான் கடனில் ஓடுகிறது. அறுவடைக்குப் பின் கொடுக்கலாம் என்ற ஏற்பாடு விவசாயிக்குப் பேருதவி. கடை மாறும் சுதந்திரத்தை அது எடுத்துக்கொள்கிறது என்பதும் உண்மை.

தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் உணவில் இந்த இரண்டு கேள்விகளும் உச்சத்தை எட்டுகின்றன. புட்டிப்பால் கொடுக்கத் தொடங்கிச் சில வாரங்கள் கடந்துவிட்டால் தாய்க்குப் பால் சுரப்பு குறைந்துவிடும். மீண்டும் பழைய நிலைக்குத் திரும்புவது எளிதன்று. இந்தியச் சட்டம் மிகக் கடுமையாகத் தலையிட்டிருப்பதும் இந்த இடத்தில்தான்.

குழந்தை உணவில் முழுத் தடை

1981ஆம் ஆண்டு மே மாதம் ஜெனீவாவில் நடைபெற்ற உலகச் சுகாதார மாநாடு, தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் சந்தைப்படுத்தலுக்கான சர்வதேச நெறிமுறையை ஏற்றது. 118 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்கா மட்டும் எதிர்த்தது. மூன்று நாடுகள் வாக்களிக்கவில்லை. அந்நெறிமுறையின் எட்டாவது பிரிவு, விற்பனைப் பணியாளர்களின் ஊக்கத்தொகையைக் கணக்கிடும்போது இப்பொருள்களின் விற்பனை அளவைச் சேர்க்கக் கூடாது என்றும், இவற்றுக்கெனத் தனி விற்பனை இலக்கு நிர்ணயிக்கக் கூடாது என்றும் கூறுகிறது.

இந்தியா இதை 1992ஆம் ஆண்டு சட்டமாகவே இயற்றியது. தாய்ப்பால் மாற்று உணவுகள், பாலூட்டும் புட்டிகள் மற்றும் குழந்தை உணவுகள் குறித்த அச்சட்டம் 1993 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்தது. 2003ஆம் ஆண்டில் மேலும் கடுமையாக்கப்பட்டது. அதன் 10ஆவது பிரிவு நமது விவாதத்துக்கு நேரடியாகப் பொருந்துவது. இப்பொருள்களைத் தயாரிப்பவர், வழங்குபவர், விநியோகிப்பவர், விற்பவர் எவரும், தம் பணியாளரின் ஊதியத்தை அவர் விற்ற அளவை வைத்து நிர்ணயிக்கக் கூடாது. அந்த அடிப்படையில் கழிவும் தரக் கூடாது. இப்பணியாளர்கள் கர்ப்பிணிகளுக்கோ கைக்குழந்தையின் தாய்மார்களுக்கோ குழந்தைப் பராமரிப்பு குறித்துக் கற்பிக்கும் வேலையில் ஈடுபடவும் கூடாது. மீறுவோருக்கு மூன்றாண்டுகள் வரை சிறைத்தண்டனை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம்.

இப்பிரிவில் 'விற்பவர்' என்ற சொல் இருப்பது கவனத்துக்குரியது. தொழிற்சாலையோடு இது நின்றுவிடவில்லை. மருந்துக் கடை வரை வருகிறது. விற்கும் வேலையும் அறிவுரை சொல்லும் வேலையும் ஒருவரிடமே இருக்கக் கூடாது என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்த வேறொரு சட்டத்தைக் காண்பது அரிது. அபராதத் தொகை மட்டும் இன்றைய விலைவாசியில் நகைப்புக்குரியதாகத் தோன்றுகிறது.

நிதித்துறை கற்ற பாடம்

பணத்தைக் கையாளும் துறையிலும் இதே சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. வங்கி மேசையில் இருப்பவரை வாடிக்கையாளர் 'சார்' என்று அழைத்து நம்புகிறார். அவர் நீட்டும் காப்பீட்டுப் படிவத்தில் கையொப்பமிடுகிறார். வங்கிகள் வழங்கும் நிதிச் சேவைகள் குறித்து இந்திய ரிசர்வ் வங்கி 2016ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், காப்பீடு விற்கும் வங்கிப் பணியாளர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் பணமாகவோ பொருளாகவோ எந்த ஊக்கத்தொகையும் தரக் கூடாது என்று கூறியது. வங்கிக்குக் கழிவு உண்டு. மேசையில் அமர்ந்திருப்பவருக்கு நிறுவனத்திடமிருந்து நேரடியாக எதுவும் இல்லை.

பரஸ்பர நிதியில் வேறு வழி தேர்ந்தெடுக்கப்பட்டது. முதலீட்டாளரின் பணத்திலிருந்து நுழைவுக் கட்டணம் பிடித்து முகவருக்குக் கொடுக்கும் முறையை 2009 ஆகஸ்ட் 1 முதல் செபி நிறுத்தியது. அதற்காக அவ்வாண்டு ஜூன் 30 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில் மற்றொரு நிபந்தனையும் இருந்தது: தாம் பரிந்துரைக்கும் திட்டத்துக்குக் கிடைக்கும் கழிவை மட்டுமன்றி, அதனுடன் போட்டியிடும் பிற நிறுவனத் திட்டங்களுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதையும் விநியோகஸ்தர் முதலீட்டாளரிடம் வெளிப்படுத்த வேண்டும். ஒரு கழிவை மட்டும் சொன்னால் அதனால் பயனில்லை. பக்கத்துக் குப்பிக்கு எவ்வளவு என்று தெரிந்தால்தான் இந்தக் குப்பி ஏன் மேசைக்கு வந்தது என்று புரியும்.

மருத்துவருக்கு ஒரு நீதி

மருந்து நிறுவனங்கள் மருத்துவர்களுக்கு அளிக்கும் பரிசுகள் பற்றிய வழக்கு, சென்னையிலிருந்து டெல்லி சென்றது. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் நிறுவனம் மருத்துவர்களுக்கு அளித்த தங்க நாணயம், தொலைக்காட்சி, குளிர்சாதனப் பெட்டி, மடிக்கணினி உள்ளிட்டவற்றுக்குச் செய்த செலவை, வருமான வரிக் கணக்கில் தொழில் செலவாகக் காட்டியிருந்தது. தொகை 4 கோடியே 72 லட்சம் ரூபாய்க்கும் மேல். 2022 பிப்ரவரி 22 அன்று நீதிபதிகள் யு.யு.லலித், எஸ்.ரவீந்திர பட் ஆகியோர் அடங்கிய உச்ச நீதிமன்ற அமர்வு அதை ஏற்க மறுத்தது. மருத்துவர் பெறக் கூடாது என்று விதி இருக்கும்போது, கொடுப்பதை நிறுவனம் சட்டபூர்வச் செலவாகக் காட்ட முடியாது என்பது தீர்ப்பின் சாரம். இலவசங்களின் செலவு மருந்தின் விலையில் ஏற்றப்பட்டு நோயாளியின் தலையில் விழுகிறது என்பதையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

மருந்துகளைப் பரிந்துரைப்போருடன், அவற்றை வழங்கத் தகுதி பெற்றோரையும் சேர்த்து, எவ்விதப் பண ஆதாயமும் பொருள் ஆதாயமும் அளிக்கக் கூடாது என்று 2024 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட மருந்துச் சந்தைப்படுத்தல் நெறிமுறை கூறுகிறது. இது சட்டமன்று, நிறுவனங்களின் கூட்டமைப்புகளே நெறிமுறைக் குழு அமைத்துக் கண்காணிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

மனிதருக்கான மருந்தில் இவ்வளவு எச்சரிக்கை. பயிருக்கான மருந்தில் என்ன நிலை?

குப்பிகளுக்கு நடுவே ஒரு மருத்துவர்

பூச்சிமருந்து விற்பவருக்கு 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி உரிமம் வேண்டும். 2015ஆம் ஆண்டு விதிகளில் செய்யப்பட்ட திருத்தம், விற்பனையாளருக்கு வேளாண் அறிவியல், உயிர்வேதியியல், வேதியியல், தாவரவியல் போன்ற பாடங்களில் கல்வித்தகுதி தேவை என்றது. ஏற்கெனவே கடை நடத்துவோருக்கு அவகாசம் அளிக்கப்பட்டது. ஹைதராபாத்தில் உள்ள 'மேனேஜ்' நிறுவனம் 2003 முதல் இடுபொருள் விற்பனையாளர்களுக்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பை நடத்தி வருகிறது. கடைக்காரர்தான் கிராமத்தின் நடைமுறை வேளாண் ஆலோசகர் என்பதை அரசே ஏற்றுக்கொண்டதன் அடையாளமாக இவற்றைக் காணலாம். அறிவுரை சொல்வதற்கான அறிவு அவருக்கு வேண்டும் என்று விதிகள் எண்ணின. அறிவுரையைத் திசைமாற்றும் பரிசைப் பற்றி அவை எண்ணவில்லை.

மீண்டும் அந்தச் சுருண்ட இலைக்கு வருவோம். தக்காளியில் இலைச்சுருட்டு, வெள்ளை ஈ பரப்பும் வைரஸால் வருவதாக இருந்தால், தாக்கப்பட்ட செடியைக் குணப்படுத்தும் மருந்து எதுவும் இல்லை. வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்தலாம். நோயுற்ற செடிகளைத் தொடக்கத்திலேயே பிடுங்கி அழிக்கலாம். மஞ்சள் ஒட்டுப்பொறிகளைக் கட்டலாம். அதாவது, சில நேரங்களில் சரியான அறிவுரை என்பது "இந்தச் செடிக்கு ஒன்றும் வாங்காதீர்கள்" என்பதாக இருக்கும். விற்ற பெட்டிகளின் எண்ணிக்கையில் பரிசு தொங்கிக்கொண்டிருக்கும்போது அந்த வாக்கியத்தைச் சொல்வதற்கு மிகுந்த நேர்மை வேண்டும். அப்படிச் சொல்லும் கடைக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தம் இலக்கை இழந்துதான் சொல்கிறார்கள்.

மருந்து தேவைப்படும்போதும் தேர்வு எளிதன்று. வெள்ளை ஈ உள்ளிட்ட சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு நெடுங்காலமாகப் பயன்படும் இமிடாகுளோபிரிட் போன்ற மூலப்பொருள் ஒன்றே, பல நிறுவனங்களின் பல பெயர்களில், பல விலைகளில் கிடைக்கிறது. பெரிய எழுத்தில் வணிகப் பெயர். சிறிய எழுத்தில் மூலப்பொருள். மூலப்பொருளின் பெயரைக் கேட்டு வாங்கும் பழக்கம் இல்லாதவரை விலை வேறுபாட்டின் காரணம் கடைக்காரருக்கு மட்டுமே தெரியும். அதனுடன் ஒரு 'டானிக்' குப்பியும் சேர்ந்து பைக்குள் செல்வது பலரும் அறிந்ததே.

இந்தச் சேர்ப்பு விற்பனை அண்மையில் மத்திய அரசின் கவனத்துக்கும் வந்தது. மானிய உரம் வாங்க வரும் விவசாயிகளிடம் நானோ உரங்களையும் உயிர் ஊக்கிகளையும் கட்டாயப்படுத்தி விற்பதைத் தடுக்குமாறு மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌஹான் 2025 ஜூலையில் மாநில முதலமைச்சர்களுக்குக் கடிதம் எழுதினார். கட்டாயப்படுத்துவது வெளிப்படையானது, அதைத் தடுக்க உத்தரவிடலாம். பரிசு பெற்றுக்கொண்டு இனிமையாகப் பரிந்துரைப்பதை எந்தக் கடிதம் தடுக்கும் என்பது தெரியவில்லை.

கடைக்காரரின் சொல் எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதை மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டம் 2017ஆம் ஆண்டில் காட்டியது. பருத்தி வயல்களில் பூச்சிமருந்து தெளித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் நஞ்சேறி, 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பாதுகாப்பு உடை இல்லாமை, உயரமாக வளர்ந்த செடிகள், பல மருந்துகளைக் கலந்து தெளித்தது எனக் காரணங்கள் பல கூறப்பட்டன. விற்பனைப் பரிசுகள்தான் அதற்குக் காரணம் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. அப்படிச் சொல்வது நியாயமும் ஆகாது. ஆனால் எதை எதனுடன் கலப்பது என்ற முடிவு நம் கிராமங்களில் எங்கு எடுக்கப்படுகிறது என்ற கேள்வியை அந்த இறப்புகள் விட்டுச்சென்றன.

ஐ.நா. உணவு மற்றும் வேளாண் அமைப்பும் உலகச் சுகாதார அமைப்பும் இணைந்து வெளியிட்டுள்ள பூச்சிக்கொல்லி மேலாண்மை நெறிமுறை, பூச்சிக்கொல்லி வாங்கத் தூண்டும் வகையில் பொருந்தாத ஊக்கப்பரிசுகளும் அன்பளிப்புகளும் விளம்பர நடவடிக்கைகளில் இடம்பெறக் கூடாது என்கிறது. இது தன்னார்வ நெறிமுறை மட்டுமே.

வரித்துறைக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது

முரண் என்னவென்றால், இந்தப் பரிசுகள் அரசுக்குத் தெரியாதவை அல்ல. 2022 ஜூலை 1 முதல், தொழில் தொடர்பாக ஒருவருக்கு ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் ஆதாயமோ சலுகையோ அளிப்பவர் 10 சதவீத வரியைப் பிடித்தம் செய்ய வேண்டும் என்ற விதி வருமான வரிச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அதை விளக்கி மத்திய நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கை கார், தொலைக்காட்சி, கணினி, தங்க நாணயம், கைப்பேசி, இலக்கை எட்டியவருக்கும் உறவினருக்கும் சுற்றுலா என்று எடுத்துக்காட்டுகளை அடுக்குகிறது. கடைத்தெருவை நன்கு அறிந்தவர் எழுதியது போன்ற பட்டியல். சட்டத்தின் பார்வையில் இது வருமானம். அதற்கு வரி கட்டிவிட்டால் போதும்.

நுகர்வோர் சட்டத்தின் பக்கம் நிலைமை இன்னும் விசித்திரமானது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளின் தரத்தைப் பற்றி வாய்மொழியாகப் பொய் சொல்வதும் நேர்மையற்ற வணிக நடைமுறைதான். ஆகவே இல்லாத குணத்தை இருப்பதாகச் சொல்லும் கடைக்காரர் மீது புகார் அளிக்கலாம். பொய் எதுவும் சொல்லாமல், தமக்குக் கிடைக்கும் தொகையை மட்டும் சொல்லாமல் விடுபவரைப் பற்றி அது வெளிப்படையாக எதுவும் கூறவில்லை.

ஆனால் விளம்பரங்களில் தோன்றுவோருக்கு இந்தச் சலுகை கிடையாது. 2022 ஜூன் 9 அன்று வெளியான வழிகாட்டு நெறிமுறைகள், ஒரு பொருளை ஆதரித்துப் பேசுபவருக்கும் அந்நிறுவனத்துக்கும் உள்ள தொடர்பு அவரது சொல்லின் நம்பகத்தன்மையைப் பாதிக்கக்கூடியதாகவும் மக்கள் எதிர்பாராததாகவும் இருந்தால், அதை முழுமையாக வெளிப்படுத்த வேண்டும் என்கின்றன. சமூக ஊடகப் பிரபலங்களுக்கென 2023 ஜனவரியில் தனி விளக்கமும் வெளியானது. தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் தவறிழைத்தால் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

இவ்வாறு, மும்பையில் அமர்ந்து முகப்பூச்சு ஒன்றைப் புகழும் இளைஞர் தம் காணொளியில் 'கட்டண விளம்பரம்' என்று எழுத வேண்டும். பூதிகோட்டையில் ஒரு பருவத்தின் விளைச்சலைத் தீர்மானிக்கும் குப்பியை எடுத்து வைப்பவர் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. முன்னவரை நம்பி வாங்குபவர் இழப்பது சில நூறு ரூபாய். இந்த ஏற்றத்தாழ்வை நியாயப்படுத்தும் காரணம் எதையும் காண இயலவில்லை.

மேசைக்கு அந்தப் பக்கம்

பழியைப் பணியாளர் மீது சுமத்துவதில் ஓர் அநீதி இருக்கிறது. கடைகளில் நாள் முழுவதும் நிற்பவர்களுக்கு அமர்வதற்கு இருக்கை வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021ஆம் ஆண்டு சட்டத்திருத்தம் தேவைப்பட்டது. கேரளம் 2018ஆம் ஆண்டில் அதைச் செய்திருந்தது. அடிப்படை ஊதியம் குறைவாக வைக்கப்பட்டு, மீதி ஊக்கத்தொகையில் வரும் என்று சொல்லப்படும்போது, அத்தொகை பரிசு என்ற தன்மையை இழந்து வீட்டு வாடகையாகிவிடுகிறது. மாலை ரயிலில் மாரிகுப்பம் திரும்பும் இளைஞரிடம், வாடிக்கையாளரின் நலன் கருதி அந்தத் தொகையை விட்டுவிடுங்கள் என்று சொல்லும் தகுதி யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. இலக்கை நிர்ணயித்தவரும் தொகையை வகுத்தவரும் அந்த மேசையில் நிற்பதில்லை.

சிறு கடைக்காரரின் கணக்கும் இதைப் போன்றதே. ஒரு சிற்றூரில் விவசாயிகளுக்குப் பருவம் முழுவதும் கடன் கொடுத்துவிட்டு, வசூலாகாத பணத்தின் சுமையைத் தாங்குபவருக்கு, நிறுவனம் தரும் ஆண்டிறுதிச் சலுகை பல நேரங்களில் முழு லாபமாகவும் அமைந்துவிடுகிறது.

ஆகவே பரிசை ஒழிப்பது ஒன்றே வழி என்று முடிவுகட்டுவது பொருந்தாது. குழந்தை உணவைப் போலத் திருத்த முடியாத தீங்கு நேரக்கூடிய இடத்தில் தடை பொருந்தும். பூச்சிமருந்தும் அந்த வரிசையில் சேர வேண்டியது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. மற்றவற்றில், பரஸ்பர நிதிக்கு வகுத்ததைப் போல வெளிப்படுத்தல் போதுமானது: எந்த நிறுவனத்தின் பொருளுக்குத் தமக்குத் தனிப்பலன் கிடைக்கிறது என்ற ஒரு பலகை கடையில் இருந்தால், சட்டை செய்யும் வேலையை அது செய்யும். பலகையை யார் படிப்பார்கள் என்ற எதிர்வாதம் உண்டு. விலைப்பட்டியல் பலகைக்கும் முதலில் அதே எதிர்வாதம் எழுந்திருக்கும்.

விதிகள் வரும்வரை விவசாயிகள் செய்யக்கூடியவை சில உண்டு. வணிகப் பெயருக்குப் பதில் மூலப்பொருளின் பெயரைக் கேட்டு, அதே மூலப்பொருளில் வேறு நிறுவனத்தின் குப்பி என்ன விலை என்று விசாரிக்கலாம். குப்பியில் உள்ள முக்கோணத்தின் நிறம் நஞ்சின் அளவைக் காட்டும்: சிவப்பு மிகக் கடுமையானது, அடுத்து மஞ்சள், நீலம், பச்சை. பரிசுக் கணக்கு இல்லாத இரண்டாவது கருத்தைப் பெற, கர்நாடகத்தில் ஹோப்ளி அளவில் இயங்கும் ரைத சம்பர்க்க கேந்திரங்களையும், கோலார் தமக்காவில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம். விவசாயிகளுக்கான அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-1551. நுகர்வோர் புகார்களுக்கான தேசிய உதவி எண் 1915. புகார் எதுவாயினும் ரசீது கேட்கப்படும். உரிமம் பெற்ற கடை பூச்சிமருந்தைக் கடனுக்கு விற்றாலும் ரசீது தர வேண்டும்.